பாயளவு

"தூரத்தை எப்படி மாஸ்டர் கணிக்கிறது?"

கோகிலாக்கா அந்த வாரம் முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஈப்போவில் எங்கள் கிளப்பில் புல்திடலில் பந்து உருட்டப் பழக வருகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஆட்டம். அந்தக் கோடியில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து கிடக்கும். அதற்கு ஜாக் என்று பெயர். இந்தக் கோடியில் இரண்டடி நீளத்தில் ஒரு ரப்பர்ப் பாய். பாயில் நின்று, உரித்த தேங்காய் அளவில் இருக்கும் கனத்த பந்தை உருட்டி ஜாக்குக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதானே என்று வந்துவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டு போனவர்களை நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். நான் அங்கே ஸ்கோர் எழுதுகிறவன். அளவு நாடாவும் என்னிடம்தான் இருக்கும்.

தனபாலன் மாஸ்டருக்கு நாற்பத்தைந்து வயது. கோகிலாக்கா அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருந்தாலும் மாஸ்டர் என்று கூப்பிடும்போது அக்காவின் குரல் தானாக இறங்கிவிடும். பழக்குவதோடு புல்லை வெட்டிப் பராமரிப்பதும் மாஸ்டர்தான். எப்பேர்ப்பட்ட பெரிய மனுஷன் வந்தாலும் புல்லில் செருப்புக் காலை வைத்தால் ஏச்சு வாங்காமல் போக முடியாது.

திங்கட்கிழமை அக்கா கேட்டபோது, ஜாக் வரைக்கும் நடந்து போய்விட்டு வாங்க என்றார் மாஸ்டர். அக்கா போய் வந்தார். நாற்பது காலடி. பிறகு உருட்டினார். பந்து இரண்டு பாய் தூரம் முன்னாலேயே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஜாக்கை நகர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் நடக்கச் சொன்னார். முப்பத்து மூன்று. அன்றைக்கும் பந்து போய்ச் சேரவில்லை.

புதன்கிழமை கண்ணை மூடிக்கொண்டு உருட்டச் சொன்னார். அக்கா கையை வீசினார். 'தொம்' என்று ஒரு சத்தம். பந்து கையைவிட்டு வழுக்கிப் போயிருந்தால் சத்தமே வந்திருக்காது. இது கையிலிருந்து விழுந்த பந்து. மாஸ்டர் அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் கண்ணை மூடச் சொன்னார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

வியாழக்கிழமை பந்தை இரண்டு கையாலும் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். கட்டைவிரல் இரண்டும் மேலே தொட்டுக்கொண்டிருக்க, நடுவிரல் இரண்டும் அடியில் தொட வேண்டும். தொட்டால்தான் அது அந்தக் கைக்கான பந்து. அக்காவுக்குத் தொடவில்லை. ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

"பெரிசு," என்றார் மாஸ்டர்.

"தெரியும் மாஸ்டர்."

மாஸ்டர் உள்ளே போய் அலமாரியிலிருந்து நான்கு சின்னப் பந்துகளைக் கொண்டுவந்து வைத்தார். ஏதோ ஒரு காலத்தில் சிவப்பாக இருந்தவை. ஒன்றில் ஓரம் பெயர்ந்திருந்தது. அக்கா அவற்றைத் தொடவேயில்லை. தன்னுடைய நான்கு கறுப்புப் பந்துகளையும் துணியால் துடைத்து ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார்.

"இது அவர் கை மாஸ்டர்," என்றார். "இப்ப என்கிட்ட இருக்கு. நான் எப்படிக் கீழே வைக்கிறது?"

மாஸ்டர் சிவப்புப் பந்துகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கறுப்புப் பந்துகள் அக்காவின் வீட்டுக்காரர் ஜெயசீலன் அண்ணனுடையவை. மூன்று முறை மாநில சாம்பியன். எங்கள் டீமுக்கு அவர்தான் ஸ்கிப், அதாவது தலைவர். ஸ்கிப் ஜாக் பக்கத்தில் நின்றுகொண்டு, உருட்டுகிறவருக்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்: பந்து இவ்வளவு குறைந்தது, இவ்வளவு கூடியது என்று. அண்ணன் கை விரித்தால் நான் நாடாவை எடுப்பதே வீண். அவ்வளவு சரியாக இருக்கும்.

பிப்ரவரியில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. எட்டு மாதமாக சக்கர நாற்காலிதான். வீட்டில் யார் போனாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், அக்கா அந்தப் பந்துப் பையைத் தூக்கினால், நாற்காலியில் ஏறச் சம்மதிப்பார். அக்கா வந்து தகரக் கூரைக்குக் கீழே அவரை நிறுத்திவிட்டு விளையாடுவார்.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் தே ஓ என்கிற பாலில்லாத டீயைக் கலக்கிக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னார். தன் பந்து உருளுவதைப் பார்க்கத்தான் அவர் வருகிறாராம். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லையாம். டீமில் தனக்கு இடம் கிடைக்காவிட்டால் அவரை அழைத்து வர ஒரு காரணமும் மிஞ்சாது என்றார். பிறகு ஏழு நாளும் அந்தச் சுவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை டீம் தேர்வு. மாஸ்டரின் கணக்கு எப்போதும் ஒன்றுதான். பத்துப் பந்து. அதில் நான்கு ஜாக்கிலிருந்து ஒரு பாயளவுக்குள் நிற்க வேண்டும். மூன்று நின்றால் இல்லை. யார் கேட்டாலும் இல்லை.

காலை எட்டு மணி. அக்காவின் முதல் நான்கு பந்தில் ஒன்று உள்ளே நின்றது. மூன்று குறைந்தது. பந்துகளைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஐந்தாவது 'தொம்' என்று விழுந்து, குடிகாரனைப் போல ஆடிக்கொண்டே போய் நடுவழியில் நின்றது.

மாஸ்டர் பந்தைப் பார்க்கவில்லை. தகரக் கூரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே நானும் திரும்பியிருந்தேன். ஜெயசீலன் அண்ணன் தலையைக் குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையைப் பின்னால் வீசியபோதே குனிந்திருக்க வேண்டும். பந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தார்.

எட்டு மாதமாக நானும் அங்கேதான் நிற்கிறேன். அவர் தன் பந்து உருளுவதைப் பார்ப்பதேயில்லை என்பதை ஒரு நாளும் கவனித்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கொஞ்சம் இருங்கக்கா," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கொட்டகைக்குப் போனார். நீளப் பலகைகள் நான்கைத் தூக்கிக்கொண்டு வந்து புல்லின் மேல் வரிசையாகப் போட்டார். நாற்காலியை அதன் மேல் தள்ளிக்கொண்டு ஜாக் கிடந்த கோடிக்குப் போனார். பலகை முடிந்த இடத்தில் சக்கரம் புல்லில் இறங்கி இரண்டு கோடு விழுந்தது. செருப்புக் காலுக்கே ஏசுகிற மனுஷன். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜாக்குக்கு ஒரு பக்கமாக, அண்ணன் வழக்கமாக நிற்கும் இடத்தில், மாஸ்டர் நாற்காலியை நிறுத்திப் பிரேக் போட்டார்.

"போடுங்கக்கா."

அக்கா ஆறாவது பந்தை உருட்டினார். இந்த முறை அண்ணன் குனியவில்லை. பந்து வரும் வழியைப் பார்த்தார், நின்ற இடத்தைப் பார்த்தார். குறைந்துவிட்டது. அண்ணனின் இடது கை மடியிலிருந்து எழும்பியது. எழும்பி, அந்தரத்தில் அப்படியே நின்றது. ஒரு கையை வைத்துக்கொண்டு தூரத்தை எப்படிக் காட்டுவது? அண்ணனின் உதடு கோணியது. அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

மாஸ்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் புல்லில் முட்டி போட்டார். தன் வலது கையை எடுத்து அண்ணனின் கைக்கு எதிரே உயர்த்திப் பிடித்தார்.

அண்ணன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் விரல் நுனியால் அதைத் தள்ளினார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும் என்று தோன்றியதும் தன் கையைப் பழைய இடத்துக்கு எடுத்துப்போய் நிறுத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார். குறைந்த தூரம் இரண்டு பேருடைய கைக்கும் நடுவில் இருந்தது.

அக்கா பாயை விட்டுவிட்டு ஓடி வந்தார். கோபமா, பயமா என்று தெரியவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் அவரை எதற்காக இப்படி, என்று ஆரம்பித்தார்.

மாஸ்டர் கையை இறக்கவில்லை.

"அவர் கை இங்கே இருக்குக்கா. நீங்க உங்க கையால போடுங்க."

அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். அண்ணன் தலையசைக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. பாய் இருந்த பக்கம் பார்வையைத் திருப்பினார். ஆட்டம் நின்றால் அவருக்குப் பிடிக்காது. அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

அக்கா பாய்க்குத் திரும்பி நடந்தார். நான் அலமாரிக்கு ஓடிப்போய்ச் சிவப்புப் பந்துகளைக் கொண்டுவந்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன்.

ஏழாவதாகப் போட்ட சிவப்புப் பந்து ஜாக்கைத் தாண்டி ஓடிக் கோடியில் இருந்த பள்ளத்தில் விழுந்தது. எட்டு மாதமாகக் கனத்தைத் தூக்கிப் போட்டுப் பழகிய கை. அண்ணன் மாஸ்டரின் கையைத் தள்ளினார், தள்ளினார், மாஸ்டர் புல்லில் சாய்கிற அளவுக்குத் தள்ளினார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்காவும் சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வேலையில் இருந்தார்.

எட்டாவது பந்துக்குச் சத்தமே இல்லை. வழுக்கிப் போய், வளைந்து, ஜாக்குக்கு ஒரு முழத்தில் நின்றது. ஒன்பதாவது அதற்கும் கிட்டே.

மொத்தம் மூன்று. இன்னும் ஒன்று வேண்டும்.

பத்தாவதை அக்கா அவசரப்படாமல்தான் போட்டார். நல்ல பந்து. வந்துகொண்டே இருந்தது. வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கடைசியில் களைத்துப் போய் நின்றது. ஜாக்கிலிருந்து பாயைப் போட்டு அளந்தேன். பாயின் ஓரத்துக்கு வெளியே நான்கு விரல். பாயைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் என்ன என்று எனக்குக் கை அரித்தது. நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்கு மாஸ்டர் டீம் பட்டியலை வாசித்தார். அதில் அக்கா பெயர் இல்லை.

மனசு கேட்கவில்லை எனக்கு. எட்டு மாதமாக ஒருத்தி படுகிற பாட்டுக்கு நான்கு விரல் ஒரு பெரிய விஷயமா? கேட்டிருப்பேன். மாஸ்டர் முகத்தைப் பார்த்ததும் நாடாவைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அவருக்கும் அது வலித்தது தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பலகைகளைக் கொட்டகைக்கு எடுத்துப் போகக் குனிந்தேன்.

"அது அங்கேயே கிடக்கட்டும்," என்றார் மாஸ்டர்.

"புல்லு செத்துப்போயிடும் மாஸ்டர்."

"டீம் பழகும்போது இந்தக் கோடியில் ஸ்கிப் வேணும். அண்ணன் அடுத்த ஞாயிறும் வரணும். புல்லை நான் பார்த்துக்கிறேன்."

அக்கா கறுப்புப் பந்துகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் ஜிப்பை மூடாமல் அப்படியே குனிந்திருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து மாஸ்டரிடம் வந்தார். பட்டியலைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"கடைசிப் பந்து வந்துடும்னுதான் நினைச்சேன்," என்றார். "இந்தத் தூரத்தை எப்படித்தான் மாஸ்டர் கணிக்கிறது?"

"ஒரு வாரமா என்னைக் கேக்கிறீங்க," என்றார் மாஸ்டர். "முப்பது வருஷமா அது தெரிஞ்சவர் உங்க வீட்டுலயே இருக்கார். அவரை ஒரு தடவை கேட்டீங்களா?"

அக்கா திரும்பி நாற்காலிக்குப் போனார். அதற்கு முன்னால் புல்லில் உட்கார்ந்தார்.

"என்னங்க," என்றார். "கடைசிப் பந்து எவ்வளவு குறைஞ்சுது?"

அண்ணன் இடது கையை உயர்த்தினார். உயர்த்திக்கொண்டு காத்திருந்தார்.

அக்கா தன் கையை எடுத்து எதிரே பிடித்தார். அண்ணன் அதை விரல் நுனியால் மெல்லத் தள்ளினார். நிறுத்தினார். யோசித்துவிட்டு, இன்னும் நான்கு விரல் தள்ளினார்.

நாடா என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

அண்ணன் வைத்த இடத்திலேயே அக்கா கையை வைத்திருந்தார்.