கவலை முரசு

முன்னொரு காலத்தில், பக்கத்து நாட்டான் அனுப்பிய குதிரையில் ஏறிக்கொண்டு தன்னையும் பேரரசன் என்று நினைத்துக்கொண்ட ஒரு குட்டி நாட்டு மன்னன் இருந்தான்.

அந்தப் பக்கத்து நாட்டில், உப்பளத்தில் கூலியில்லாமல் உழைக்க மறுத்தவர்களின் கைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தப்பியவர்கள் சிலர் தோணியேறிக் குட்டி நாட்டுத் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களைப் பிடித்துப்போகத் தூதனும் பின்னாலேயே வந்துவிட்டான். "நம் மன்னருக்கு வாய் இல்லையா?" என்று சந்தையெல்லாம் ஒரே பேச்சு.

மன்னனுக்கு மக்களின் மெச்சுதலும் வேண்டும், குதிரையும் வேண்டும். சபையைக் கூட்டினான்.

"வந்தவர்களை நாளைக் காலை தூதரிடம் ஒப்படைப்போம். அதற்குமுன், நாம் ஆழ்ந்த கவலை கொண்டுள்ளோம் என்று ஊரறிய அறிவிக்க வேண்டும். தூதர் முகம் சுளிக்கக் கூடாது. யார் செய்வீர்?"

அமைச்சர் பூதனார் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். "விகடகவி சாத்தையன் செய்யட்டும், பிரபு. தூதர் முகம் சுளித்தால் அவனையும் அவர்களோடு தூதரின் கப்பலில் ஏற்றிவிடலாம்."

சாத்தையன் காலையில்தான் துறைக்குப் போய் வந்திருந்தான். அங்கே தோணியிலேயே உலகாத்தா என்பவள் மிச்சமிருந்த ஒரு கையால் மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையையும் வெட்டக் கொடுத்துவிட்டு, கூடவே கவலையும் படப்போகிறார்களாம்.

"மன்னர் கவலைப்படுகிறார் என்பது மட்டும் போதுமா, அமைச்சரே?"

"போதும். அதற்குமேல் ஒரு சொல்லும் கூடாது."

சாத்தையன் நேரே போய்க் கவலை முரசை அறைந்தான். மன்னருக்குக் கவலை என்று அந்த முரசு ஒலித்துவிட்டால், கவலை தீரும்வரை அரண்மனையில் அடுப்பு எரியக் கூடாது, விருந்தினருக்கும் உணவில்லை என்பது அந்நாட்டின் பழைய வழக்கம். பஞ்சத்தில் மன்னனின் பாட்டன் உண்மையாகவே அப்படிக் கிடந்தான். பேரன் காலத்தில் அதைத் தொட்டவர் இல்லை. முரசு கேட்ட மக்கள் உருகிப்போய், மடைப்பள்ளிக் கூரையில் புகை வருகிறதா என்று பார்த்தபடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மாலைக்குள் மன்னன் குரல் தேய்ந்துவிட்டது. "சாத்தையா, எப்போதய்யா தீரும் இந்தக் கவலை?"

"துறையில் இருப்பவர்கள் இங்கேயே தங்கினால் இப்போதே தீரும், பிரபு. அனுப்பினால் அங்கே கை போகும். போன கை முளைக்கும்வரை தங்கள் கவலை எப்படித் தீரும்?"

"முரசு தவறாக ஒலித்தது என்று சொல்லிவிட்டால்?" என்றார் பூதனார்.

"சொல்லலாமே. மன்னருக்குக் கவலையே கிடையாது என்று வாசலில் போய்ச் சொல்ல அமைச்சரைவிடத் தகுந்தவர் யார்?"

பூதனார் வாசலை எட்டிப் பார்த்தார். கூட்டத்தைக் கண்டதும் தம் இருக்கைக்கே திரும்பிவிட்டார்.

தூதனாலும் முகம் சுளிக்க முடியவில்லை. அவன் அரசனை யாரும் ஒரு சொல் சொல்லவில்லையே. பசித்த மன்னன் இனி யாரையும் ஒப்படைக்க மாட்டான் என்று கண்டுகொண்டு கடைசியில் எழுந்தான். "வந்தவர்கள் கடலில் மூழ்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன். கப்பலிலாவது சோறு இருக்கிறது."

அடுப்பு மூண்டது. மன்னன் வாய் நிறையச் சோற்றோடு விழுந்து விழுந்து சிரித்தான். "பார்த்தாயா சாத்தையா, நம் உறுதியை!" என்று பொன்னாடை போர்த்திவிட்டான்.

சாத்தையன் துறைக்கு நடந்தான். சேதியைக் கேட்ட உலகாத்தாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"உங்க ராசா எங்க மேல மனசு எரங்கிட்டாராய்யா?"

"மனசுப் பக்கம் நான் போகவே இல்ல, ஆத்தா. வயித்தோட முடிச்சுக்கிட்டேன். எறங்கி வாங்க."