பட்டியலில் இருபத்தாறு ஊர்கள்

தாண்டவமூர்த்தி கணினி அறையிலிருந்து நேராக ஆசிரமத் தலைவியான தாயாரிடம் வந்தார். வந்த வேகத்தில் தோளில் துண்டு நிற்கவில்லை.

"தாயே, பொய் சொல்லி வாங்க வர்றவங்களுக்கும் குடுக்கணுமா? எனக்கு இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும்."

புயலில் முறிந்து விழுந்த முருங்கைக் கிளையைத் தாயார் அரிவாளால் கழித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. தாலுகா அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று, ஒரு மெமோகூட வாங்காதவர் என்ற பெயரோடு கடலோரத்து இந்த ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர் தாண்டவமூர்த்தி.

"யாரு பொய் சொன்னா?"

"கேட்ல ஒரு பொம்பள நிக்கிறா. பேரு அஞ்சம்மாளாம். அவங்க பக்கத்துல இருபத்துமூணு வீட்டுக்காரங்க ஃபாரம் எழுதிக் குடுத்தாங்களாம். ஒருத்தருக்கும் டோக்கன் வரலியாம். எங்க ஃபாரத்தை என்ன பண்ணினீங்க, சுண்டல் மடிச்சீங்களான்னு கேக்கறா. என்னைப் பாத்து, தாயே!"

"மடிச்சீங்களா?"

"தாயே!"

புயல் அடித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கூரை போன வீடுகளுக்கு ஆசிரமம் தார்ப்பாய் கொடுக்க முன்வந்தது. தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்ப் படிவம் வாங்கிவந்தார்கள். அத்தனையையும் கணினியில் ஏற்றியவர் தாண்டவமூர்த்தி. திரையின் இடப்பக்கத்தில் ஒரு கட்டம் வைத்து, அதில் இருபத்தாறு ஊர்களின் பெயரை வரிசையாகப் போட்டிருந்தார். ஒரு ஊரையும் தேர்ந்தெடுக்கலாம், பல ஊர்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கலாம். 'வடிகட்டு' என்ற பொத்தானை அமுக்கினால் அந்த ஊர்க்காரர்களின் படிவங்கள் மட்டும் வரும். இன்று காலை அவர் இருபத்தாறு ஊர்களையும் தேர்ந்தெடுத்து அமுக்கினார். வந்த பெயர்களுக்கெல்லாம் டோக்கன் அச்சடித்தார். சாயங்காலம் மறுபடி மழை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

"அவ பேரைத் தேடிப் பாத்தீங்களா?"

"பாக்காம பேசுவேனா? எல்லா ஊரையும் எடுத்து வச்சுக்கிட்டுத்தான் தேடினேன். அப்படி ஒரு பேரே இல்ல."

தாயார் அரிவாளைக் கீழே வைத்தார்.

"அவளைக் கூப்பிடுங்க."

அஞ்சம்மாள் உள்ளே வந்தாள். முழங்கால் வரை சேறு. கணினி அறை வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"உக்கார வரல தாயி. எங்க சனம் மேல பாத்துக்கிட்டு கெடக்குது. கூரையை இல்ல, வானத்தை. இவரு என்னடான்னா, எங்க பேரே இல்லைங்கறாரு."

"இல்லாததை இல்லைன்னுதான் சொல்ல முடியும்" என்றார் தாண்டவமூர்த்தி.

"சொல்லுவீரு. நீரு நாக்காலில உக்காந்திருக்கீரு."

தாயார் திரையருகே போய் நின்றார்.

"எல்லா ஊரையும் எடுத்தா எத்தனை பேரு வர்றாங்க?"

"ஆயிரத்து நூத்துப் பதினேழு."

"சரி. இப்ப ஒரு ஊரையும் எடுக்காம அமுக்குங்க."

"ஒண்ணும் எடுக்கலேன்னா மொத்தப் படிவமும் வரும், தாயே. எல்லா ஊரும் எடுத்தாலும் மொத்தம்தான். ரெண்டும் ஒண்ணு."

"அமுக்குங்க."

அமுக்கினார். அடியில் எண் வந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது.

மறுபடி இருபத்தாறு ஊர்களையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அமுக்கினார். ஆயிரத்து நூற்றுப் பதினேழு. மூன்றாவது தடவையும் செய்தார். கணினி அதே பதிலைச் சொன்னது.

"மிச்சம் இருபத்துமூணு எங்க?"

"உள்ளதான் இருக்கு, தாயே."

"உள்ள இருக்கிறவங்க ஏன் கேட்ல நிக்கிறாங்க?"

தாண்டவமூர்த்தி அந்த இருபத்துமூன்றையும் தேடி எடுத்தார். பெயர் இருந்தது, ஆள் கணக்கு இருந்தது, கூரையின் அளவு இருந்தது. ஊர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. வெறுமை எந்த ஊரோடும் சேராது. பட்டியலில் இருக்கிற எதைத் தேர்ந்தெடுத்தாலும், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாலும், அது வராது.

அவர் முகம் சிவந்தது.

"ஃபாரம் வாங்கினது யாரு? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒரு கட்டத்தையும் வெறுமனே விடாதீங்கன்னு! இதுதான் தொண்டு செய்யற லட்சணமா? எடுத்துட்டு வரேன், எவன்னு பாத்துடலாம்."

அலமாரியிலிருந்து காகிதக் கட்டை இறக்கி, அஞ்சம்மாளின் படிவத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

ஊர் என்ற இடத்தில் நீல மையில் சங்குமேடு என்று எழுதியிருந்தது. அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கோட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கையெழுத்து.

"இந்தச் செவப்புக் கோடு யாரு போட்டது?" என்றாள் அஞ்சம்மாள்.

சிவப்புப் பேனா தாண்டவமூர்த்தியின் சட்டைப் பையில் இருந்தது. அரசின் வருவாய்க் கிராமப் பட்டியலில் உள்ள ஊர் மட்டும்தான் ஊர். வேறு பெயர் வந்தால் அடித்துவிட்டு இடத்தைக் காலியாக விட வேண்டும். அது அவர் வகுத்த விதி. அடுத்த படிவத்தைப் புரட்டினார். அதற்கடுத்ததைப் புரட்டினார். இருபத்துமூன்றிலும் அதே கோடு, அதே கையெழுத்து.

"சங்குமேடுன்னு ஒரு கிராமம் ரிக்கார்டுல இல்ல, தாயே. உப்பளத்துக்கு அந்தப் பக்கம் வெறும் மணல் திட்டுன்னுதான் இருக்கு."

"புயலு ரிக்கார்டைப் பாத்துட்டா வந்துச்சு, ஆபீசரு?" என்றாள் அஞ்சம்மாள். "ஓட்டுக் கேக்க வர்றவனுக்கு எங்க ஊரு தெரியுது. சாராயம் விக்கிறவனுக்குத் தெரியுது. கூரையப் பிச்சுக்கிட்டுப் போன காத்துக்கும் தெரிஞ்சுது. தார்ப்பாய் குடுக்கிற உங்களுக்குத்தான் தெரியல."

தாண்டவமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார். இப்போது கோபம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"இதை விடக்கூடாது. இருபத்துமூணு குடும்பம் எந்த ரிக்கார்டுலயும் இல்லாம எப்படி இருக்கும்? எத்தனை அதிகாரி வந்து போயிருப்பான்! நான் கலெக்டருக்கு எழுதறேன். இன்னைக்கே எழுதறேன்."

"எழுதுங்க" என்றார் தாயார். "மழை எத்தனை மணிக்குன்னு சொன்னாங்க?"

"சாயங்காலம்."

"தார்ப்பாய் எத்தனை மிச்சம் இருக்கு?"

"பதினாலு."

தாயார் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். ஆசிரமத்திலும் புயல் ஓடுகளைக் கொண்டுபோயிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் மேல் ஆறு தார்ப்பாய்கள், மாட்டுக் கொட்டகை மேல் இரண்டு, கணினி அறை மேல் ஒன்று.

"ஒன்பதையும் இறக்கச் சொல்லுங்க."

"கம்ப்யூட்டர் நனையுமே, தாயே!"

"தூக்கிக்கிட்டு அடுக்களைக்கு வாங்க."

அஞ்சம்மாள் தார்ப்பாயை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க மாடு என்ன பண்ணும் தாயி?"

"அதுவும் அடுக்களைக்கு வரும். கம்ப்யூட்டருக்குத் துணையா."

அன்றைக்கு முதல் தடவையாக அஞ்சம்மாள் சிரித்தாள். தாண்டவமூர்த்தி சிரிக்கவில்லை. ஏணியில் ஏறி, முடிச்சுகளைத் தாமே அவிழ்த்தார். வண்டியில் ஏற்றியதும் அவரே. உப்பளக் கரையில் வண்டி நகராத இடத்தில் தலையில் தூக்கியதும் அவரே. வழி நெடுக அஞ்சம்மாள் அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தாள்.

இருபத்துமூன்றாவது கூரையைக் கட்டி முடித்தபோது முதல் தூறல் விழுந்தது.

அவர் திரும்பிவந்தபோது ஆசிரமம் ஒழுகிக்கொண்டிருந்தது. அடுக்களையில் மட்டும் காய்ந்த தரை. ஒரு மூலையில் மாடு. இன்னொரு மூலையில், கவிழ்த்த அண்டாவின் மேல் கணினி. ஈர வேட்டியோடு அதன் முன்னால் உட்கார்ந்தார். வெகுநேரம் தட்டினார். இருபத்துமூன்று படிவங்களிலும் வெறுமையாக இருந்த இடத்தை நிரப்பினார். ஊர்ப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தார். எல்லா ஊர்களையும் தேர்ந்தெடுத்து அமுக்கினார். எண்ணைப் பார்த்து நிமிர்ந்தார்.

"சங்குமேட்டை இருபத்தேழாவது ஊராச் சேத்துட்டேன், தாயே. ஆயிரத்து நூத்து நாப்பதும் வருது. இனி இந்தக் கரையில விடுபட்டவங்கன்னு ஒருத்தர்கூட இல்ல."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த தாயார் திரும்பிப் பார்த்தார்.

"எதைப் பாத்துச் சொல்றீங்க?"