பூவுக்கு முக்காடு போட்ட முயல்

இதைச் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று பயமாகவே இருக்கிறது. நரி பேசியதை அணில் பேசியதாக மாற்றிவிடுவேனோ, நடுவில் எதையாவது விட்டுவிடுவேனோ என்று ஒரே கவலை. நான் அதிகம் படித்தவளும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு காட்டாற்றின் கரையில் ஒரு தாய் முயல் வாழ்ந்தது. தன் ஒரே மகள் துள்ளியை அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தது. மழைக்காலம் வந்தது. ஆறு நிரம்பிவிட்டது. இனி இங்கிருந்து போகவும் முடியாது, அங்கிருந்து வரவும் முடியாது. தாய் முயல் மாலை ஆனால் கரையில் வந்து நிற்கும். அக்கரைப் புதரில் ஒரு புல் அசைந்தால்கூட, "என் பிள்ளையோ!" என்று காதுகளைத் தூக்கும்.

ஒருநாள் அக்கரையிலிருந்து ஒரு கொக்கு பறந்து வந்தது.

"முயலம்மா, நல்ல சேதி! உன் மகள் முழுகாம இருக்கா. ஆறு வத்தினதும் தலைப்பிரசவத்துக்கு உன்கிட்டதான் வர்றாளாம்!"

"என் கண்ணே! நல்லா சாப்பிடுறாளா?"

"எதுவும் பிடிக்கலையாம். பூசணிப் பிஞ்சு கிடைச்சா தேவலைன்னா. அம்மாகிட்ட மறக்காம சொல்லுன்னா."

முயலுக்குக் கண் கலங்கியது. பிள்ளை வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். பூசணிக்கு எங்கே போவது?

காட்டை ஒட்டிய சாலையில், ஆயுத பூஜைக்கு லாரிக்காரர்கள் உடைத்த பூசணி சிதறிக் கிடந்தது. முயல் குங்குமம் அப்பிய விதைகளை வாயில் அள்ளி வந்தது. ஆற்றுத் தண்ணீரில் கழுவித் தன் வளைக்குப் பக்கத்தில் புதைத்தது. சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு வேலி கட்டியது.

அதுவரை முயல் எதையும் தின்றிருக்கிறதே தவிர, வளர்த்ததில்லை. முளைத்ததா என்று காலையில் தோண்டிப் பார்க்கும். மாலையிலும் தோண்டிப் பார்க்கும்.

மரத்திலிருந்த அணில் சிரித்தது. "ஏன் அக்கா, தூங்கும்போது ஒருத்தர் வந்து போர்வையை இழுத்துக்கிட்டே இருந்தா உனக்கு எப்படி இருக்கும்? விதையைச் சும்மா விடு!"

சும்மா விட்டதும் முளைத்தது. கொடி வேலியெங்கும் படர்ந்தது. மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. ஆனால் பூக்கள் வாடி உதிர்ந்தன.

"ஐயோ, எல்லாம் போச்சு!"

"ஒண்ணும் போகல அக்கா! இதெல்லாம் ஆண் பூ. அடியில பிஞ்சோட வர்ற பூ இனிமேதான் வரும்" என்றது அணில்.

அது சொன்னபடியே ஒரு காலையில் நெல்லிக்காய் அளவில் ஒரு பிஞ்சு, தலையில் பூவோடு வந்தது. அணில்தான் முதலில் பார்த்தது. "அதோ அக்கா, பிஞ்சு! அதோ!" என்று விரலை நீட்டித் துள்ளியது. அன்று பகல் முழுக்க விடாத மழை. பிறகு அந்தப் பிஞ்சு மஞ்சளாகி, அழுகி விழுந்தது.

முயல் அழுதுகொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே நரி வந்து நின்றது. அந்த நரிக்கு முயல்மேல் நெடுநாளாக ஒரு கண். முள்வேலிதான் குறுக்கே இருந்தது.

"அழாதே தங்கச்சி. பிஞ்சை யாராவது விரல் நீட்டிக் காட்டினாங்களா?"

"அணில் காட்டிச்சு அண்ணே."

"அதானே பார்த்தேன்! பூசணிப் பிஞ்சைச் சுட்டினா அழுகிடும்னு ஊருக்கே தெரியுமே! அதுவும் இது திருஷ்டி கழிக்க உடைச்ச பூசணியோட வம்சம். ஒரு கண்ணும் படக்கூடாது. எல்லாப் பூவுக்கும் இலையால முக்காடு போட்டுடு. தேனீயைக் கிட்டவே விடாதே. அதுக்கு எத்தனை கண் தெரியுமா!"

முயல் அதை அப்படியே நம்பிவிட்டது. பூவரச இலைகளைப் பறித்து, ஒவ்வொரு பூவையும் மூடிப் புல்லால் கட்டியது. குச்சியை எடுத்துத் தேனீக்களை விரட்டியது. அணிலைப் பார்த்து, "உன் விரலும் வேண்டாம், உன் பேச்சும் வேண்டாம். இந்தப் பக்கம் வராதே!" என்றது.

"ஆசையாத்தானே அக்கா காட்டினேன்" என்றது அணில். மரத்தில் ஏறிக்கொண்டது.

பிஞ்சுகள் வந்தன. முக்காட்டுக்குள்ளேயே அழுகின. ஒன்றுகூடத் தங்கவில்லை.

மழை நின்றது. ஆற்றில் மணல் திட்டுகள் தலைகாட்டின. கொக்கு வந்து, "துள்ளி புறப்படத் தயாரா இருக்கா!" என்றது. மகள் வருகிறாள் என்ற சந்தோஷத்தைவிட, வெறுங்கையோடு நிற்கப் போகிறோமே என்ற துக்கம்தான் முயலுக்குப் பெரிதாக இருந்தது.

நரி வந்தது. "கவலைப்படாதே தங்கச்சி! கரும்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் குடியானவன் தோட்டத்துல பூசணி காய்ச்சுக் கிடக்கு. வேலியை விட்டு வெளியே வா. நான் துணைக்கு வர்றேன்."

முயலுக்கு வேறு வழி தெரியவில்லை. "இரு அண்ணே, வர்றேன்" என்றது. புறப்படுமுன் அக்கரையை ஒருமுறை பார்க்கத் தோன்றியது. ஆற்றுப்பக்க வேலி ஓரம் போய் எட்டிப் பார்த்தது.

வேலியின் இடுக்கில் நுழைந்து, கொடியின் நுனி ஒன்று கரைச் சரிவில் இறங்கியிருந்தது. முயல் அதைக் கவனித்ததே இல்லை. அதனால் அங்கே பூக்களுக்கு முக்காடும் இல்லை. திறந்த பூக்களில் தேனீக்கள் புகுந்து புறப்பட்டன. அடியில் தேங்காய் அளவில் ஒரு பூசணி!

"அதோ! அதோ பூசணி!" என்று முயல் தன்னை மறந்து முன்னங்காலை நீட்டியது. உடனே பதறிக் காலை மடக்கிக்கொண்டது.

மரத்திலிருந்து குரல் வந்தது. "பயப்படாதே அக்கா! நான் தினமும் அதைச் சுட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். அது பாட்டுக்குப் பெருத்துக்கிட்டே போகுது!"

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"பேசாதேன்னியே!"

பூவிலிருந்து ஒரு தேனீ தலையை நீட்டியது. "ஆண் பூவோட மகரந்தத்தை நாங்க சுமந்து வந்து இந்தப் பூவுல வச்சாத்தான் பிஞ்சு நிக்கும். மழையிலயும் எங்களால வர முடியாது, முக்காடு போட்டாலும் உள்ளே நுழைய முடியாது."

முயல் அப்படியே நின்றுவிட்டது. மூடச் சொன்னது யார்? இப்போது வெளியே வரச் சொல்வது யார்?

"சீக்கிரம் வா தங்கச்சி, பசி தாங்கல!" என்று நரி கூப்பிட்டது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "உன் மகளுக்குச் சொன்னேன்!" என்றது.

"நான் வரல அண்ணே. நீயே போய்ப் பறிச்சுத் தின்னு. பூசணி உடம்புக்குக் குளிர்ச்சி!" என்றது முயல்.

அன்றே எல்லா முக்காடுகளையும் பிய்த்தெறிந்தது. அணிலைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது. மகள் நரியின் கண்ணில் படாமல் வர, தோட்டத்துக்குள்ளிருந்து ஆற்றங்கரை வரை மண்ணுக்கடியில் ஒரு வழி தோண்டியது.

ஆறு வற்றியதும் துள்ளி அந்த வழியாகவே வந்தாள். வயிறு கனத்து, மூச்சு வாங்க, உடம்பெல்லாம் மண்ணோடு தலையை நீட்டினாள். "அம்மா, பிஞ்சு இருக்கா?"

தாய் முயல் கொடியில் புதிதாய்க் காய்த்திருந்த பிஞ்சுகளை, முன்னங்காலை நன்றாக நீட்டிக் காட்டியது. "அதோ!"

மகள் கடித்துத் தின்பதைக் கண் நிறையப் பார்த்தது. பிறகு நரி நுழையாதபடி வேலியின் கீழ்ப்பக்கத்தில் இன்னும் முள்ளை அடுக்கியது. மகள் வந்த வழியின் வாயையும் முள்ளால் அடைத்தது. பூக்களை மட்டும் தேனீக்களுக்காகத் திறந்தே விட்டுவிட்டது.

பயம் காட்டுகிறவன் பேச்சைக் கேட்டு வேண்டியவர்களை விரட்டினால், நாம் ஆசையாய் வளர்ப்பது நம் கைக்குள்ளேயே அழுகிப்போகும்.