கொம்பில்லாதவர்களுக்கு மேல்துறை இல்லை!

ஆலமடுக் குளத்துக்கு இரண்டு துறை. மேல்துறையில் ஊற்றுத் தண்ணீர், கீழ்த்துறையில் வெறும் சேறு. "கொம்பு உள்ளவர்கள் மேல்துறை, இல்லாதவர்கள் கீழ்த்துறை!" என்று போன மழைக்காலத்தில் சட்டம் போட்டது கிளைமுடியார் என்ற கடமான். அப்போது அவர் தலையில் கொம்பு கிளை கிளையாக விரிந்திருந்தது. அந்த மிதப்பு! பெண்மானுக்குக் கொம்பு கிடையாது அல்லவா, அவர் வீட்டம்மாவும் சேற்றைத்தான் குடித்தாள். அதைப் பற்றி மட்டும் அவர் பேச்சே எடுக்க மாட்டார்.

மொச்சை என்ற குட்டிக் காட்டுப்பன்றிக்கு இது பொறுக்கவில்லை. பன்றிக்குச் சேற்றில் புரளப் பிடிக்கும்தான். அதற்காகக் குடிக்கவுமா? அவள் தம்பி சுண்டு அந்தத் தண்ணீரைக் குடித்து வயிறு கெட்டுத் துவண்டு கிடந்தான். எழுந்து நிற்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

மொச்சை விறுவிறுவென்று போய் மேல்துறையில் உட்கார்ந்துவிட்டாள். காவலுக்கு நின்றது தூணன் என்ற காட்டெருமை. கண் கொஞ்சம் மங்கல், ஆனால் ஆள் படு கறார்.

"ஏய்! உன் கொம்பு எங்கே?"

"கொம்பு எதுக்கு? நான் வாயாலதான் குடிப்பேன்!"

தூணன் ஒரே முட்டு! மொச்சை கரையில் போய் உருண்டாள். எழுந்தாள், மண்ணைத் தட்டினாள், திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

அம்மா ஓடி வந்து அவளை இழுத்தாள். "உனக்கேன்டி இந்த வம்பு? நாங்க எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு இல்லையா?"

"பொத்திக்கிட்டு இருந்ததாலதாம்மா சுண்டு இப்படிக் கிடக்கான்!"

மறுநாள் அம்மாவும் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு முயல் வந்தது, கீரி வந்தது. முள்ளம்பன்றி வந்து உட்கார்ந்த பிறகு, முட்டுவதற்கு முன் தூணன் ஒரு தடவை யோசிக்க ஆரம்பித்தான்.

கோடை வந்தது. கடமானுக்குக் கோடையில் கொம்பு உதிரும், மறுபடி முளைக்கும். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் தலைக்கனத்தில் கிளைமுடியாருக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. மரத்தில் தலையைத் தேய்த்தார், கொம்பு இரண்டும் பொத்தென்று கீழே விழுந்தன. மொட்டைத் தலையோடு, தாகத்தில் நாக்குத் தள்ள மேல்துறைக்கு ஓடி வந்தார்.

"நில்லு! கொம்பு எங்கே?" என்றான் தூணன்.

"டேய், நான்தான்டா சட்டம் போட்டவன்!"

"சட்டத்துல கொம்புன்னுதானே இருக்கு? போட்டவன்னு இல்லையே! கீழ்த்துறைக்குப் போ!"

கிளைமுடியார் கீழ்த்துறையில் ஒரு வாய் குடித்தார். "தூ! இதையா குடிக்கிறீங்க?"

"உங்க புண்ணியத்துல!" என்றாள் மொச்சை.

அவர் அவசரமாகச் சட்டத்தைத் திருத்தினார். "கொம்பு முளைக்கப் போகிறவர்களும் மேல்துறைக்கு வரலாம்!"

"அப்படியா? எனக்கும் முளைக்கப் போகுது!" என்று முயல் துள்ளியது.

"எனக்கு அடுத்த மாசம்!" என்றது கீரி.

"எனக்கு நாலு!" என்று குளத்துக்குள்ளிருந்து ஒரு தவளை கத்தியது.

தூணன் தலையாட்டி வழிவிட்டான். "அடப்பாவி, பொய் சொல்றாங்கடா!" என்று கிளைமுடியார் அலறினார்.

"உங்களுக்கு முளைக்கும்கிறதை மட்டும் நான் எப்படி நம்புறது?" என்றான் தூணன்.

எல்லாரும் திமுதிமுவென்று இறங்கப் போனார்கள். மொச்சை குறுக்கே நின்றாள். "பொய் சொல்லிக் குடிக்கவா இத்தனை முட்டு வாங்கினேன்? இவர் கொம்பு வளர்ந்ததும் நம்மைத் திரும்பத் துரத்துவார். ஐயா, ஒண்ணு சட்டம் போகணும், இல்லே நீங்களும் எங்களோட சேத்துல நிக்கணும். எது?"

அம்மாவோடு தள்ளாடி வந்திருந்த சுண்டு அவள் காலடியில் நாக்கு வறண்டு கிடந்தான். மொச்சைக்கும் தாகம்தான், ஆனாலும் நகரவில்லை. முள்ளம்பன்றியும் அவள் பக்கத்தில் வந்து முள்ளைச் சிலிர்த்து நின்றது.

கிளைமுடியார் சேற்றைப் பார்த்தார், ஊற்றைப் பார்த்தார். "சரி, சட்டம் ஒழிஞ்சது! இனி எல்லாருக்கும் மேல்துறைதான்! நகரு, தாகம் உயிர் போகுது!"

முதலில் இறங்கியது அவர் வீட்டம்மா. புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்துச் சுண்டு வயிறு முட்டக் குடித்து, கிளைமுடியார் முகத்துக்கு நேரே பெரிதாக ஓர் ஏப்பம் விட்டான்.

அடுத்தவரை வெளியே நிறுத்தப் போட்ட சட்டம் ஒருநாள் போட்டவரையே வெளியே நிறுத்தும். ஆனால் அதை ஒழித்துக்கட்ட, தள்ளத் தள்ளத் திரும்ப வந்து உட்காரும் ஒருத்தி வேண்டும்.