வல்லாளன் கரை

கடலை ஒட்டிய ஒரு காட்டில் வல்லாளன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தது. நல்ல பலசாலி. அது மூக்கை மண்ணில் இறக்கினால் எவ்வளவு பெரிய வேரும் பெயர்ந்து வெளியே வந்துவிடும். உழைப்புக்கும் அஞ்சாது. ஆனால் யாராவது இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், அன்று முழுவதும் இரை தேடக்கூட மறந்துவிடும்.

அந்தக் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே உயரமான மணல்மேடுகள் வரிசையாக நின்றன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மேடு விலகி வழி விட்டிருந்தது. மழைக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் ஓடை அந்த வழியாகத்தான் கடலில் சேரும். ஓடையின் இருபுறமும் தாழ்வான புல்வெளி. மேய்ச்சலும் நிழலும் அங்கே இருந்ததால் பெரும்பாலான விலங்குகள் அங்கேயே குடியிருந்தன.

கொஞ்ச காலமாகக் கடல் முன்போல் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு கரையைத் தின்றுகொண்டு உள்ளே வந்தது. நண்டுகள் வளை தோண்டிய இடத்தில் இப்போது மீன்கள் நீந்தின. சென்ற புயலின்போது கடல்நீர் அந்த இடைவெளி வழியாகப் பாய்ந்து புல்வெளியையே புரட்டிப் போட்டுவிட்டது. கீரிகளின் வளைகள் தூர்ந்துபோயின. உப்பேறிய புல்லைத் தின்ன முடியாமல் மான்கள் பட்டினி கிடந்தன.

கோடை பிறந்ததும், காட்டின் தலைவனான வெளிமான் எல்லாரையும் கூட்டியது.

"கடல் மறுபடியும் வரும். அதற்குள் நாம் என்ன செய்யலாம்? சொல்லுங்கள்" என்றது.

நீராழி என்ற நீர்நாய் முதலில் எழுந்தது. அது வாய்த்துடுக்கானது. மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும். அதனாலேயே அது எழுந்தால் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"நாம் குடியிருக்கிற இடமே தவறு. மேற்கே முள்மேடு சும்மாதானே கிடக்கிறது? முள்ளை அகற்றிவிட்டு அங்கே குடிபோவோம். புல்வெளிக்கு மேய வரலாம். குட்டிகளை இங்கே படுக்கவைக்க வேண்டாம்" என்றது.

"முள்ளிலா? என் குட்டிகள் இப்போதுதான் நடக்கவே பழகுகின்றன!" என்றது செம்பி என்ற தாய்க்கீரி.

வல்லாளன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தது.

"யாரும் எங்கேயும் போக வேண்டாம். கடல் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியை நான் அடைத்துவிடுகிறேன். மண்ணும் வேரும் சேர்த்து ஒரு கரை கட்டுகிறேன். எந்தப் புயல் வந்தாலும் அசையாது."

"இதல்லவா பேச்சு!" என்று ஊளையிட்டது நரி. கூட்டம் முழுவதும் ஆரவாரம் செய்தது.

நீராழி விடவில்லை. "கடல் வரும் வழிதான் ஓடை போகும் வழியும். அதை அடைத்தால் மழைநீர் எங்கே போகும்? அடியில் ஒரு திறப்பாவது விட்டுக் கட்டு."

"ஓட்டை வைத்துக் கட்டினால் அதற்குப் பெயர் கரையா?" என்று கேட்டது வல்லாளன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

நீர்நாய்க்கு முகம் சுருங்கியது. "அப்படியானால் நன்றாக இருங்கள்!" என்று சொல்லிவிட்டு உப்பங்கழிப் பக்கம் போய்விட்டது. இன்னொரு முறை வந்து எடுத்துச் சொல்ல அதற்கும் மனம் வரவில்லை.

வேலை தொடங்கியது. வல்லாளன் களிமண்ணைக் கிளறிப் புரட்டியது. குரங்குகள் தாழைவேர்களைக் கொண்டுவந்து போட்டன. மான்கள் மிதித்துக் கெட்டிப்படுத்தின. நரி மட்டும் எந்த வேலையும் செய்யாமல், "ஆகா, என்ன கைவண்ணம்!" என்று சொல்லிக்கொண்டே சுற்றி வந்தது. கோடை என்பதால் ஓடையில் ஒரு சொட்டு நீர் இல்லை. ஆகவே யாருக்கும் ஓடையின் நினைவே வரவில்லை.

கரை எழுந்து நின்றதும், "இதற்கு வல்லாளன் கரை என்று பெயர் வைப்போம்" என்றது நரி. வல்லாளனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் காலையில் போய்க் கரையை ஒரு முறை பார்த்துவிட்டு வரும்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் விடியற்காலையில் கடல் பொங்கி எழுந்தது. அலைகள் வந்து கரையில் மோதின. மோதி மோதித் திரும்பின. கரை அசையவில்லை! புல்வெளியில் ஒரு துளி உப்புநீர் கூட ஏறவில்லை.

விலங்குகள் வல்லாளனைச் சூழ்ந்துகொண்டு குதித்தன. "அண்ணா, உங்களால்தான் என் குட்டிகள் பிழைத்தன" என்றது செம்பி. வல்லாளன் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதன் வாழ்நாளில் அப்படி ஒரு காலை வந்ததே இல்லை.

உச்சிப்பொழுதில் கடல் தணிந்தது. ஆனால் மேற்கே இருண்டிருந்த வானம் கொட்டத் தொடங்கியது. ஓடை நிறைந்து, கலங்கலாகச் சுழித்துக்கொண்டு வந்தது. கரையில் முட்டியது. போக வழியில்லாமல் திரும்பிப் புல்வெளியில் பரவியது.

"கடல் புகுந்துவிட்டது! கரை உடைந்துவிட்டது!" என்று யாரோ கத்தினார்கள்.

வல்லாளன் பதறிக்கொண்டு ஓடிக் கரைமேல் ஏறிப் பார்த்தது. கரையில் ஒரு கீறல்கூட இல்லை. வெளிப்பக்கம் கடல் வெகுதூரம் இறங்கி, ஈரமணல் தெரிந்தது. உள்பக்கம் மட்டும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நீராழி வந்தது. கோபத்தை விட்டுவிட்டு வந்திருந்தது.

"பார்த்தாயா? வெளியே கடல் இல்லை. நீரைப் பிடித்து வைத்திருப்பது உன் கரைதான். உடை. உன்னால்தான் முடியும்."

வல்லாளனுக்குப் புரிந்துவிட்டது. மூக்கை மண்ணருகே கொண்டுபோனது.

"அண்ணா, பொறுங்கள்!" என்றது நரி. அதுவும் கரைமேல்தான் ஒண்டிக்கொண்டிருந்தது. "காலையில்தான் உங்களைக் கொண்டாடினார்கள். இப்போது நீங்களே உடைத்தால் நாளைக்கு என்ன பேசுவார்கள்? அதோ, மேற்கே வெளுக்கிறது. மழை இதோ நின்றுவிடும்."

வல்லாளன் நிமிர்ந்து மேற்கே பார்த்தது. கொஞ்சம் வெளுப்பது போலத்தான் இருந்தது.

"கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றது.

"வானத்தைப் பார்க்காதே, கீழே பார்!" என்று கத்திய நீராழி, தன் நகங்களால் கரையைப் பிறாண்டியது. கெட்டிப்பட்ட களிமண் நகத்துக்கு அசையவில்லை.

மழை நிற்கவில்லை. வல்லாளன் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போது செம்பி நீந்தி வந்தது. வாயில் ஒரு குட்டி. அதைக் கரைமேல் போட்டுவிட்டு, உடனே திரும்பி நீந்தியது. நெடுநேரம் கழித்து வந்தது. வாயில் எதுவும் இல்லை.

"வளை மூழ்கிவிட்டது. இன்னும் இரண்டு உள்ளே இருக்கின்றன" என்றது.

வல்லாளன் பாய்ந்து கரையைக் குத்தியது. தாழைவேர்களைத் தானே அத்தனை இறுக்கமாகப் பின்னியிருந்தது. அவை இப்போது அறுபடவில்லை. குத்திய குத்தில் ஒரு தந்தம் முறிந்தது. மற்றதால் குத்தியது. கடைசியில் களிமண் ஒரு பாளமாகப் பெயர்ந்தது. தண்ணீர் பீறிட்டுக் கடலை நோக்கி ஓடியது. பொழுது சாய்வதற்குள் புல்நுனிகள் வெளியே தெரிந்தன.

மான்கள் பிழைத்தன. குரங்குகள் பிழைத்தன. செம்பியின் இரண்டு குட்டிகள் மட்டும் பிழைக்கவில்லை.

மறுநாள் கூட்டம் கூடியது. "இன்னும் உயரமாக ஒரு கரை..." என்று தொடங்கியது நரி.

வல்லாளன் குறுக்கிட்டது. "நீராழி சொன்னபோது எனக்குப் புரியவில்லை. அது என் அறியாமை. நேற்று என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்த பிறகும் என் பெயரை எண்ணிக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில்தான் அந்தக் குட்டிகள் போயின."

நரி மெல்ல நழுவிவிட்டது.

"நானும் கோபித்துக்கொண்டு போயிருக்கக் கூடாது" என்றது நீராழி.

அன்றே விலங்குகள் முள்மேட்டுக்குப் புறப்பட்டன. வல்லாளன் இருந்த ஒற்றைத் தந்தத்தால் முட்புதர்களை வேரோடு கிளறி எடுத்தது. கரையில் உடைந்த இடம் உடைந்தபடியே விடப்பட்டது.

அடுத்த மழைக்காலத்தில் கடலும் வந்தது, ஓடையும் வந்தது. இரண்டும் புல்வெளியில் கலந்து நின்றுவிட்டு, வந்த வழியே வடிந்தன. அங்கே யாரும் குடியிருக்கவில்லை. மேட்டின்மேல் ஈன்ற மான்கள் குட்டிகளை நக்கிக்கொண்டு கிடந்தன.

செம்பியும் தன் ஒரே குட்டியோடு அங்கேதான் இருந்தது. வல்லாளன் சுத்தம் செய்து கொடுத்த இடத்தில்தான் வளை தோண்டியது. ஆனால் அதன் பிறகு வல்லாளனோடு அது பேசவே இல்லை.

நீதி: தன் வேலையில் பிழை இருப்பது தெரிந்ததும் தானே அதைத் திருத்திவிட வேண்டும்; பெயருக்கு அஞ்சித் தயங்கினால், அந்தத் தயக்கம் பிறர் தலையில் விடியும்.