கறுப்புத் திரையில் ஒரு சிவப்பு வரி

"வைஃபை வரவே மாட்டேங்குது டீச்சர். எனக்கும் இதுக்கும் ஆகாது" என்றாள் பவளக்கொடி.

ஜெசிந்தா டீச்சர் அவளைவிடப் பதினெட்டு வயது சிறியவள். வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் பழைய லேப்டாப்புகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பெண்களுக்குக் கற்றுத் தருகிறவள்.

"என்ன பண்ணீங்க அக்கா?"

"மூணு தடவை எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போட்டேன். பாத்திரம் கழுவுற மாதிரி."

"ஒட்டியிருக்கிறது என்னன்னு பாத்தீங்களா?"

பவளக்கொடி கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கு வேறு கவலை. நான்கு மணிக்குப் பஞ்சாயத்துத் தலைவர் வருகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்து ஆபீஸில் மோடம் இருக்கிறது. அந்த நெட் இந்த லேப்டாப்பில் ஓடினால் இந்த அறை மகளிர் குழுவுக்கு, பொறுப்பு பவளக்கொடிக்கு. ஓடாவிட்டால் பழையபடி பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் இங்கே வந்துவிடும்.

"எட்டாவதோட நின்னவளை உக்கார வெச்சா இப்படித்தான்னு சொல்லுவாங்க. ரெண்டு நிமிஷம் நீங்க உக்காருங்க டீச்சர். கும்பிட்டுக் கேக்கறேன்."

ஜெசிந்தா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஆன் பண்ணுங்க."

கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. பவளக்கொடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அங்க என்ன பாக்கறீங்க?"

"திட்டி முடிக்கட்டும்."

"யாரு?"

"இதுதான். ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷ்ல திட்டுது. எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சாலும் இப்படித்தான் சன்னலைப் பாத்துக்கிட்டு நிப்பேன். தானா ஓஞ்சிரும்."

"என்ன சொல்லித் திட்டுது?"

"அதையெல்லாம் யாரு கேட்டா?"

"கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

டீச்சர் போய் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மணி இரண்டரை.

பவளக்கொடி லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தாள். இந்த முறை திரும்பவில்லை. எழுத்துகள் ஓடிய வேகத்துக்குக் கண் போகவில்லை. மறுபடி அணைத்துப் போட்டாள். ஓட ஓட ஃபோனில் படம் பிடித்தாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். எல்லாம் வெள்ளை. ஒரே ஒரு வரி சிவப்பு.

ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்துப் படித்தாள். யாராவது சிரித்துவிடுவார்களோ என்று சுற்றிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை.

வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், இது திட்டலை."

"பின்ன?"

"கேக்குது. ஃபர்ம்வேர்னு ஒரு ஃபைலு. அது இல்லாம வைஃபை எந்திரிக்காது போல. எந்த ஃபோல்டர்ல வேணும், என்ன பேருன்னு முழுசா சொல்லிக் கேக்குது. மூணு தடவையும் இதையேதான் கேட்டிருக்கும்."

"சரி."

"ஆனா அதை எடுக்கவே நெட் வேணுமே? நெட்டுக்கு நான் எங்க..."

டீச்சர் அவள் கையைப் பார்த்தாள். பவளக்கொடியும் தன் கையைப் பார்த்தாள். ஃபோன் இருந்தது.

உள்ளே ஓடினாள்.

முதலில் ஒரு எண் மாறி வேறு ஃபைல் வந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி தேடினாள். ஃபோனில் இறக்கி, சார்ஜர் ஒயரால் லேப்டாப்போடு இணைத்து, சிவப்பு வரி சொன்ன ஃபோல்டரிலேயே வைத்தாள். அணைத்துப் போட்டாள். கண்ணை எடுக்கவில்லை.

சிவப்பு வரி வரவில்லை.

திரையின் மூலையில் சின்ன விசிறி மாதிரி ஒரு குறி எழுந்தது.

நான்கு மணிக்குத் தலைவர் வந்தார். "எங்க, நம்ம நிலத்துப் பட்டாவை எடு பாப்போம்" என்றார். எடுத்தாள். அவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சரி பண்ணிட்டீங்களா டீச்சர்?"

"நான் தொடவே இல்லைங்க."

அவர் பவளக்கொடியை ஒருமுறை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

பவளக்கொடி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். உடனே கோபம் வந்தது.

"வந்ததுமே நீங்க போட்டிருக்கலாம் இல்ல? ஒன்றரை மணி நேரம் என் உசிரை எடுத்துட்டீங்க!"

"எனக்குத் தெரியாது அக்கா."

"எது?"

"இந்த மாதிரி வைஃபை கார்டை நான் பாத்ததே இல்லை."

ஜெசிந்தா பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். பவளக்கொடிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஃபைல் பேரைச் சொல்லுங்க."

பவளக்கொடி ஃபோனை எடுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முதல் எழுத்து ஆர்" என்றாள். "எழுதிட்டீங்களா?"