இரண்டு தோடுகளுக்கு நடுவில்

“இனிமே எனக்கு எதுக்கு டீச்சர் இதெல்லாம்? யாருக்காவது குடுத்துடுங்க.”

தொலைநோக்கியில் கண் வைக்கும் வில்லைகளான ஐபீஸ்கள் இருந்த பெட்டியைத் தணிகாசலம் நீட்டினார்.

பல்கீஸ் வாங்கவில்லை. ஏணியில் நின்றபடி, தன்னைவிட உயரமான தொலைநோக்கியைத் தெற்கே திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஜவ்வாது மலையில் அந்தப் பாறையைச் சுற்றி விளக்கே கிடையாது. அமாவாசைதோறும் அங்கே வருவாள். மற்ற நாட்களில் கல்லூரியில் வேதியியல் வகுப்பு. தணிகாசலத்துக்கு மகள் வயது. அவர் திருப்பத்தூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகு அவளிடம் வானம் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தார்.

“கண்ணுக்கு என்ன?”

“நடுவுல ஓட்டை விழுந்துடுச்சு. ரெண்டு கண்ணுலயும். எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியலை.”

“டாக்டர்?”

“போனது போனதுதானாம். மிச்சத்தை வச்சுப் பழகிக்கணுமாம்.”

“பழகிக்கிறதுதானே?”

“சொல்லிடலாம். வீட்டுக்காரி எதிர்ல வந்து நிக்கிறா. ரெண்டு தோடும் தெரியுது. நடுவுல முகம் இல்லை.”

பல்கீஸ் தொலைநோக்கிக் குழாயைத் திருப்புவதை நிறுத்தினாள்.

“வேற எது போனாலும் பரவாயில்லை. நான் முகம் பார்த்தே சோறு தின்ன ஆளு.”

“தெரியும். என் ஹால் டிக்கெட் போட்டோ நீங்க எடுத்ததுதான். ‘இங்க பாரும்மா, நேரா பாரு’ன்னு அதட்டினீங்க. பேய் மாதிரி விழுந்திருந்தேன்.”

அவர் சிரிக்கவில்லை.

“அந்த ஓட்டை எனக்கும் இருக்கு” என்றாள்.

“அய்யோ. எப்பலேர்ந்து?”

“பொறந்ததுலேர்ந்து. இருட்டுல எல்லாருக்குமே நடுப்பார்வை குருடுதான். ஏறுங்க.”

பெட்டியை வாங்கித் திறந்து அவருடைய ஐபீஸ் ஒன்றையே எடுத்துப் பொருத்திவிட்டு இறங்கினாள்.

“எதைக் காட்டப் போறீங்க?”

“போன வருஷம் பூரா தேடினீங்களே, அதை.”

சாகிற ஒரு விண்மீன் உதறிவிட்ட புகை அது. கோள் நெபுலா என்று பெயர். கோளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண் நன்றாக இருந்த காலத்திலேயே அவருக்கு அது ஒருமுறைகூடத் தெரிந்ததில்லை.

“கிண்டல் பண்றீங்களா?”

“ஏறுங்கண்ணே.”

கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். நட்சத்திர வெளிச்சம்கூடப் பக்கத்திலிருந்து படாமலிருக்க அவர் தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்தினாள்.

“இது நம்ம ஆயுசு பூரா பழகின துணி” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

துணி இப்படியும் அப்படியும் நகர்ந்தது.

“நட்சத்திரம் இருக்கு. வேற ஒண்ணும் இல்லை.”

“எங்க?”

“நடுவுல.”

“நடுவுலதான் ஓட்டைன்னீங்களே. அங்க என்ன தேடறீங்க?”

பல்கீஸ் ஒரு விரலால் குழாயை லேசாகத் தட்டினாள். உள்ளே விண்மீன்கள் நடுங்கியிருக்க வேண்டும்.

“டீச்சர்.”

“ம்.”

“மூணு நட்சத்திரம். அதுக்குக் கீழே சாம்பல் மாதிரி என்னமோ. போயிடுச்சு.”

“மூச்சை அடக்காதீங்க. விடுங்க.”

துணி மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.

“வந்துடுச்சு.”

“எப்படி இருக்கு? பொட்டாவா?”

“இல்லை. வளையம். உள்ளே இருட்டு. ஒரு பக்கம் தடிமன்.”

அது வளையம் என்று அவள் அவரிடம் சொன்னதே இல்லை. அவளுக்கே அது வளையமாகத் தெரிந்ததில்லை.

அவரை இறங்கச் சொன்னாள். தான் ஏறித் துணிக்குள் புகுந்துகொண்டாள். தணிகாசலம் பாறையில் உட்கார்ந்து காத்திருந்தார். குளிர்ந்தது.

“எனக்குப் பொட்டுதான் தெரியுது” என்றாள் கடைசியில்.

“எங்க பாக்கறீங்க?”

“அதைத்தான்.”

இப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“நேரா பாக்காதேம்மா” என்று அதட்டினார்.

காலையில் முதல் பஸ்ஸில் மலையிறங்கினார். பெட்டி மடியில் இருந்தது.

வீட்டில் மனைவி ராஜேஸ்வரி காபியோடு வந்து எதிரில் நின்றாள்.

“குடுத்துடறேன்னு போனீங்க. திரும்பத் தூக்கிட்டு வந்திருக்கீங்க.”

“ஆமா.”

அவளைப் பார்த்தார். இரண்டு தோடுகள் இருந்தன.

அவள் தோளுக்கு மேலே சுவரில் காலண்டர் தொங்கியது. பார்வையை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். மூச்சை விட்டார்.

காபி ஆறிக்கொண்டிருந்தது.

“நான் இங்க நிக்கிறேன். அங்க என்ன தேதி பாக்கறீங்க? மனுஷி முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாதா?”

அவர் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மூக்குத்தி எப்ப மாத்தின?” என்றார்.